கடல் நீந்திய சிறுவன் குற்றாலீஸ்வரன்

நம் சங்கத்துப் பிள்ளைகளிடம் குற்றாலீஸ்வரன் யார் என்று கேட்டால் கோயில் பெயரா என்று திருப்பிக் கேட்கிறார்கள். பெற்றோருக்காவது நினைவிருக்கும். 1981-ல் ஈரோட்டில் பிறந்து, சென்னையில் நீச்சல் பழகியவர். 1994-ல், அதாவது 12 வயதில், பாக் நீரிணையை நீந்தினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகள்! 1966-ல் வங்காளத்து மிஹிர் சென் ஐந்தைக் கடந்ததுதான் அதற்கு முந்தைய சாதனை. 1996-ல் அர்ஜுனா விருது கிடைத்தது.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர். நான் ரயில்வேயில் இருந்தவன், எதையும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா 10 கிலோமீட்டர். போய், வந்து, மறுபடியும் போனால் 30. அதை நீந்தியே கடக்க வேண்டும். நீச்சல் குளத்தில் என்றால் 50 மீட்டர் நீளத்தை 600 தடவை. ஒலிம்பிக்கில் குளத்தில் நடக்கும் மிக நீண்ட ஃப்ரீஸ்டைல் போட்டியே 1500 மீட்டர், 30 நீளம்தான்.

குற்றாலீஸ்வரனுக்குப் பாக் நீரிணையில் சுமார் 16 மணி நேரம் ஆயிற்று. மணிக்கு 2 கிலோமீட்டர்கூட இல்லை, நாம் நடப்பதைவிட மெதுவு. ஏன்? குளத்துத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும்; கடல் நீரோட்டமோ நீந்துபவனைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போகும். ஆங்கிலக் கால்வாயில் ஏறக்குறைய ஆறு மணிக்கொரு முறை ஓட்டத்தின் திசையே மாறும். நேர்கோட்டில் சுமார் 33 கிலோமீட்டர் என்றாலும் நீந்தும் பாதை வளைந்து வளைந்து அதைவிட நீண்டுவிடும். தண்ணீரின் வெப்பம் ஆகஸ்டிலேயே 17 டிகிரி அளவுதான். மார்கழி விடியலில் திருமலைப் புஷ்கரிணியில் முழுக்குப் போட்டவர்கள், அப்படியே பத்து மணி நேரம் உள்ளே இருப்பதை எண்ணிப் பாருங்கள். உடம்பு முழுதும் மூடும் ரப்பர் உடை கூடாது. கூட வரும் படகைத் தொடக்கூடாது. ஆகாரத்தைக் கழியிலோ கயிற்றிலோ கட்டித்தான் நீட்டுவார்கள்.

நெடுந்தூரம் நீந்துபவர்கள் காலை அதிகம் உதைப்பதில்லை. தொடைத் தசை பெரியது, பிராண வாயுவை அதிகம் தின்னும். எனவே கையால் இழுத்து, காலை மிச்சம் பிடிப்பார்கள்.

நம் இனத்தில் அவருக்கு முன்னோடிகளும் உண்டு. 1954-ல் யாழ்ப்பாணத்து நவரத்தினசாமி பாக் நீரிணையைக் கடந்தார். 1971-ல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் போய்த் திரும்பியே வந்தார், 51 மணி நேரம். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் நீந்துகையில் உயிரிழந்தார். இது விளையாட்டு மட்டுமல்ல என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குற்றாலீஸ்வரன் 1990களின் கடைசியிலேயே நீச்சலை விட்டுவிட்டுப் பொறியியல் படித்தார், அமெரிக்கா சென்றார். ஆதரவளிக்கப் போதிய பண உதவி கிட்டாததும் காரணம் என்று பேட்டிகளில் கூறியிருக்கிறார். "விருது வாங்கியவன் விட்டுவிட்டானே" என்று குறை சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. கடல் நீச்சல் ஒவ்வொன்றுக்கும் படகு, வழிகாட்டி, மேற்பார்வையாளர், பயணம் என்று செலவு. ஒரு நடுத்தரக் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? அவர் காலத்தில் கடல் நீச்சலுக்கு ஒலிம்பிக்கில் இடமே கிடையாது. 10 கிலோமீட்டர் திறந்தவெளி நீச்சல் 2008 பெய்ஜிங்கில்தான் வந்தது. அப்போது அவருக்கு 26 வயது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-ல், பிரேசில் நாட்டு அனா மார்செலா குன்யா அந்தப் போட்டியில் தங்கம் வென்றார்.

இனி பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. கால்வாயின் அகலம் 33 கிலோமீட்டர். நீந்தும் வேகம் மணிக்கு 3. பக்கவாட்டு ஓட்டம் மணிக்கு 2 கிலோமீட்டர் என வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு மணி வடக்கே, பிறகு தெற்கே. முகத்தை எதிர்க்கரைக்கு நேராகவே வைத்து நீந்தினால், கரையேறும் இடம் குறித்த இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி, எந்தத் திசையில் இருக்கும்? விடையை அடுத்த கூட்டத்தில் என்னிடம் சொல்லுங்கள்.