இணைய ஏலமும் இடித்துரைக்கும் அறமும்

முன்னுரை

“ஊர் வாயை மூட உலைமூடி இல்லை” என்பது நம் நாட்டுப் பழமொழி. ஊரார் பேச்சை எவராலும் தடுத்துவிட இயலாது என்பது அதன் பொருள். ஆனால் 700 ரூபாயைக் கொண்டு ஒருவர் என் வாயை மூடிவிட்டார். அதன் விளைவாக இக்கல்லூரியிலேயே பயிலும் இளைய மாணவர் ஒருவர் ஏமாந்தார். அந்நிகழ்ச்சியே என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. இணையத்தின் வழியே ஏலத்தில் பொருள் வாங்குவோர், பொருள் நன்றாக இல்லாதபோது அதனை மறைக்காமல் எழுத வேண்டுமா? எழுதினால் எவ்வாறு எழுத வேண்டும்? வணிகவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இவ்வினாக்களை ஆராய முற்படுகின்றேன்.

நிகழ்ந்தது என்ன?

எனக்குப் பழைய நாணயங்களைச் சேர்க்கும் பழக்கம் உண்டு. 2023ஆம் ஆண்டில் இணைய ஏலத் தளமொன்றில், 1862 என்று ஆண்டு பொறித்த விக்டோரியா அரசியார் உருவம் கொண்ட வெள்ளி ரூபாய் ஒன்றை 1,450 ரூபாய்க்கு ஏலம் கேட்டு எடுத்தேன். நாணயம் வந்ததும் தேரடித் தெருப் பக்கம் பொற்கொல்லர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அக்கால வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 12 பங்கில் 11 பங்கு வெள்ளி இருக்க வேண்டும். அவருடைய தராசோ 9.4 கிராம் காட்டியது. அவர் ஒன்றும் பேசாமல் ஒரு சிறு காந்தத்தை அருகில் கொண்டு சென்றார். நாணயம் துள்ளிப் போய் அதில் ஒட்டிக்கொண்டது. “தம்பி, இதில் வெள்ளியைத் தேடாதீங்க, மேலே பூச்சு மட்டும்தான்” என்றார்.

விற்றவருக்கு எழுதினேன். அவர் மிகப் பணிவாக மறுமொழி எழுதினார். தாமும் பிறரிடம் வாங்கி விற்பவர்தாம் என்றும், பாதிப் பணத்தைத் திருப்பி அனுப்புவதாகவும், தம் பிழைப்பைக் கெடுக்காமல் நல்ல கருத்துரை எழுதுமாறும் வேண்டினார். பணம் வந்தது. என் உள்ளம் இளகியது. “நம்பிக்கையான விற்பனையாளர், விரைவில் பொருள் வந்தது” என்று எழுதி ஐந்து விண்மீன்களையும் அளித்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு விடுதியில் தங்கிப் பயிலும் இளைய மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர் கையில் அதே போன்ற நாணயம். “அண்ணா, அந்தப் பக்கத்தில் உங்கள் புனைபெயரைப் பார்த்தேன். நீங்களே நல்லபடியாக எழுதியிருந்தீர்கள் என்றுதான் துணிந்து ஏலம் கேட்டேன்” என்றார். விடுமுறையில் வேலைக்குச் சென்று ஈட்டிய பணம் அது. அன்று எனக்கு ஏற்பட்ட நாணத்தை எழுத்தில் வடிக்க இயலாது.

கண்டு வாங்குவதும் காணாது வாங்குவதும்

கார்த்திகைத் தீபத் திருவிழாவையொட்டி நம் ஊரில் மாட்டுச் சந்தை கூடுவதை அனைவரும் அறிவர். அங்கே விலையைத் துண்டின் மறைவில் விரல்களைப் பிடித்துப் பேசுவர். அருகில் நிற்பவருக்குக்கூட விலை தெரியாது. ஆனால் மாட்டை எவரும் துண்டால் மூடுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், சுழி பார்க்கலாம், நடக்கவிட்டும் பார்க்கலாம். அதற்குமேல் ஐயம் இருந்தால் தரகரைக் கேட்கலாம். தவறான மாட்டைக் கைமாற்றி விட்ட தரகர் அடுத்த ஆண்டு அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும்.

நெல்லையும் மணிலாவையும் உழவர்கள் கொண்டு செல்லும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். வணிகர்கள் பிறர் அறியாமல் விலையைக் குறித்துக் கொடுக்கும் மறைமுக ஏலம் அங்கே நடைபெறுகிறது. ஆயினும் குவியல் கண்ணெதிரே கிடக்கிறது. கையால் அள்ளிப் பார்க்கலாம். 2016 ஏப்ரல் 14 அன்று நடுவண் அரசு தொடங்கிய ‘இ-நாம்’ என்னும் மின்னணு வேளாண் சந்தையிலும், ஏலத்திற்கு முன் விளைபொருளின் தரத்தை ஆய்ந்து பதிவு செய்ய ஏற்பாடு உண்டு. ஆக, இவ்விடங்களில் எல்லாம் மறைவது விலையே; பொருள் மறைவதில்லை.

இணைய ஏலத்திலோ நிலைமை தலைகீழானது. விலையை உலகமே பார்க்கிறது. பொருளை மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை. படம் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது. பொருளின் குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார் என்ற இந்நிலையினால் சந்தைக்கு நேரும் கேட்டினை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ஆம் ஆண்டில் பழைய மோட்டார் வண்டிச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். நல்லதையும் தீயதையும் பிரித்தறிய முடியாதபோது வாங்குவோர் குறைந்த விலையே தர முன்வருவர். அவ்விலைக்கு நல்ல பொருளை விற்க மனமில்லாதவர்கள் சந்தையை விட்டு விலகுவர். இறுதியில் தீயவையே மிஞ்சும் என்பது அவர் கருத்தின் சாரம். இத்துறை ஆய்வுக்காக அவர் 2001ஆம் ஆண்டில் வேறு இருவரோடு நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டார்.

கருத்துரை முறையின் தோற்றம்

இக்கேட்டிற்கு மருந்தாகத் தோன்றியதே கருத்துரை முறை. 1995ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கலிபோர்னியாவில் பியர் ஒமிடியார் என்பவர் ஓர் ஏலத் தளத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் ‘ஈபே’ என்று பெயர் பெற்றது. முன்பின் அறியாதவர்களிடையே எழுந்த பூசல்களைத் தாமே தீர்த்து வைக்க இயலாமல், 1996 பிப்ரவரியில் அவர் ஒரு பொதுப் பலகையைத் திறந்தார். நன்று செய்தவரைப் பலர் அறியப் பாராட்டுங்கள், தவறு செய்தவரைப் பற்றிய முறையீட்டையும் பலர் அறியச் சொல்லுங்கள் என்பதே அவர் வேண்டுகோள். பாராட்டுக்கு ஒன்று கூட்டப்படும், குறைக்கு ஒன்று கழிக்கப்படும், நடுநிலைக்குச் சுழியம்.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் ‘பாஸி’ என்ற ஏலத் தளம் தோன்றியது. 2004இல் ஈபே நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. அந்த இந்தியத் தளம் 2018 ஆகஸ்டு 14 அன்று மூடப்பட்டது. எனினும் அம்முறை மறையவில்லை. நாணயம், அஞ்சல் தலை ஏலங்களில் மட்டுமன்றி, இன்று உணவு விடுதி முதல் வாடகை ஊர்தி வரை எங்கும் விண்மீன்களாய்ப் பரவி நிற்கிறது.

குறை ஏன் எழுதப்படுவதில்லை?

ரெஸ்னிக், செக்காசர் என்னும் இரு அறிஞர்கள் 1999ஆம் ஆண்டு ஈபே ஏலங்களை ஆராய்ந்தனர். வாங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், அதாவது நூற்றுக்கு 52.1 பேர், கருத்துரை எழுதினர். எழுதியவற்றுள் நூற்றுக்கு 99.1 பாராட்டுரைகள், குறையுரைகள் 0.6 மட்டுமே. உலகில் இத்துணை நேர்மையா என்று வியக்கத் தோன்றும். ஆனால் மனநிறைவு பெறாத பலர் வாய்மூடி இருந்துவிட்டனர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மௌனத்திற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது அச்சம். அக்காலத்தில் விற்பவரும் வாங்குபவரைப் பற்றி எழுதலாம். நீ என்னைக் குறைகூறினால் நானும் உன்னைக் குறைகூறுவேன் என்ற பழிவாங்கும் வழக்கம் வளர்ந்தது. இதனை உணர்ந்த ஈபே நிறுவனம் 2008ஆம் ஆண்டில், விற்பவர் வாங்குபவர்மீது குறையுரை எழுதும் உரிமையை நீக்கிவிட்டது. ‘ஏர்பிஎன்பி’ என்னும் தங்குமிடத் தளமோ 2014இல் வேறு வழி கண்டது: இருவரும் எழுதி முடித்த பின்பே, அல்லது அதற்கான கெடு கடந்த பின்பே, இருவர் உரையும் வெளிவரும்.

இரண்டாவது காரணம் இரக்கம். மூன்றாவது கைக்கூலி. என்னிடத்தில் இவ்விரண்டும் கைகோத்து நின்றன. எனக்கு வந்த 700 ரூபாயை நான் அன்று நியாயமான இழப்பீடு என்று கருதினேன். இழப்பீடு எனில் 1,450 ரூபாயும் வந்திருக்க வேண்டும். அதற்கு நிபந்தனையும் இருந்திருக்கக் கூடாது. நிபந்தனையோடு வந்த பணம் என் சொல்லுக்குக் கொடுத்த விலையே என்பது இப்போது உள்ளங்கை நெல்லிக்கனி.

ஒரு சொல்லின் எடை

நற்பெயருக்கு விலை உண்டா? உண்டு என்பதை ரெஸ்னிக் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. பழைய படஅஞ்சல் அட்டைகளை விற்கும் அனுபவமிக்க ஒருவர், ஒரே வகைச் சரக்கைத் தம் புகழ்பெற்ற பெயரிலும், புதிய பெயர்களிலும் விற்றுப் பார்த்தார். புகழ்பெற்ற பெயருக்கு வாங்குவோர் நூற்றுக்கு 8.1 வீதம் கூடுதலாகத் தர முன்வந்தனர். என் பொய்ப் பாராட்டு அந்த விற்பனையாளருக்கு நான் அளித்த இலவச மூலதனம் என்பதை இதனால் அறியலாம். அதற்கு வட்டி கட்டியவர் அந்த இளைய மாணவர்.

நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. கப்ரால், ஹோர்டாசு என்னும் அறிஞர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு விற்பனையாளருக்கு முதல் குறையுரை கிடைத்ததும், வாரத்திற்கு நூற்றுக்கு 5 வீதம் வளர்ந்து வந்த விற்பனை, நூற்றுக்கு 8 வீதம் தேயத் தொடங்கியது. ஆகவே பொய்ப் பாராட்டு எவ்வளவு தீதோ, பொய்ப் பழியும் அவ்வளவு தீது. சினத்தில் எழுதும் ஒரு வரி, எளிய குடும்பம் ஒன்றின் அடுப்பை அணைத்துவிடக் கூடும்.

சட்டம் கூறுவது

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020 ஜூலையில் மின்வணிக விதிகள் அறிவிக்கப்பட்டன. விற்பவர் தம்மை நுகர்வோர் போலக் காட்டித் தம் பொருளுக்குத் தாமே கருத்துரை எழுதுவதை அவ்விதிகள் தடை செய்கின்றன. முறையீடு வந்த 48 மணி நேரத்திற்குள் குறைதீர் அலுவலர் அதனைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் அழைக்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணையக் கருத்துரைகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்னும் தர நெறியை வெளியிட்டது. நேர்மை, துல்லியம், வெளிப்படைத் தன்மை ஆகியவை அதன் அடிப்படைகளுள் சில.

குறை எழுதினால் அவதூறு வழக்கு வருமோ என்று நண்பர்கள் அஞ்சுவதுண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. ஆனால் பொதுநலன் கருதிக் கூறும் உண்மையும், பிறர் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் விடுக்கும் எச்சரிக்கையும் அதில் விதிவிலக்குகளாக வைக்கப்பட்டுள்ளன. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இவ்விதிவிலக்குகள் இருந்தன. உண்மையும் நல்லெண்ணமும் உடையவனுக்குச் சட்டம் அரணாக நிற்கிறது, வசைபாடுபவனுக்கு அல்ல.

எழுதும் முறை

பட்டறிவால் நான் உணர்ந்த நெறிகளை மாணவ நண்பர்களின் பயன் கருதித் தொகுத்துரைக்கிறேன்.

1. முதலில் விற்றவரிடம் கேளுங்கள். அறியாமல் நேர்ந்த பிழையாயின் திருத்திக்கொள்ள வாய்ப்பளியுங்கள்.

2. பெயரடைகளை விடுத்து அளவுகளை எழுதுங்கள். “மோசடிப் பேர்வழி” என்பதைவிட “11.66 கிராம் இருக்க வேண்டிய நாணயம் 9.4 கிராம் இருந்தது, காந்தத்தில் ஒட்டியது” என்பது வலிமையுடையது. முன்னது கருத்து, பின்னது சான்று.

3. யாருடைய தவறு என்பதைப் பிரித்தறியுங்கள். அஞ்சலில் நேர்ந்த தாமதத்திற்கு விற்றவரைப் பழிக்கலாகாது.

4. நல்லது இருப்பின் அதனையும் குறிப்பிடுங்கள். எனக்குப் பொருள் விரைவில் வந்தது உண்மை. பொருள் போலி என்பதும் உண்மை. இரண்டையும் எழுதியிருக்க வேண்டும்.

5. கருத்துரையைக் காட்டி மிரட்டி விலைக்குறைப்புப் பெறாதீர்கள். கருத்துரைக்காகப் பணமும் பெறாதீர்கள்.

6. குறை பின்னர் தீர்க்கப்பட்டால் அதனையும் சேர்த்து எழுதுங்கள். முதலில் நிகழ்ந்ததை அழிக்க வேண்டாம்.

முடிவுரை

புறங்கூறாமையை ஓர் அதிகாரமாகப் பாடிய வள்ளுவரே, வாய்மையையும் ஓர் அதிகாரமாகப் பாடினார். நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளை வணிகருக்கென்றே வைத்தார். குறையை மறைவில் சொல்வது புறங்கூறல். உரியவரும் மறுமொழி கூற வாய்ப்புள்ள பொது இடத்தில், கண்டதைக் கண்டவாறு சொல்வது இடித்துரைத்தல். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை அறியாமல், நல்லவன் என்று பெயரெடுக்க விரும்பி நான் பொய்யன் ஆனேன்.

அந்த இளைய மாணவருடன் மீண்டும் அதே பொற்கொல்லரிடம் சென்றேன். அவருடைய நாணயமும் காந்தத்தில் ஒட்டியது. தராசில் வைத்துப் படம் எடுத்தோம். அவர் தம் கருத்துரையை எழுதினார். எனது பழைய கருத்துரையை மாற்ற அத்தளத்தில் வழியில்லை. அதன் கீழே பின்குறிப்புச் சேர்க்க மட்டும் இடமிருந்தது. “மேலே நான் எழுதியது உண்மையன்று. நாணயம் போலி. பாதிப் பணம் பெற்றுக்கொண்டு நல்லபடியாக எழுதினேன்” என்று சேர்த்தேன். விற்றவர் என் தம்பிக்குப் பணத்தைத் திருப்பித் தரவில்லை. நான் பெற்ற 700 ரூபாயை அவரிடம் நீட்டினேன். முதலில் மறுத்தார், வற்புறுத்திய பின் வாங்கிக்கொண்டார்.

அந்நாணயம் இன்றும் என் மேசை மீது இருக்கிறது. நண்பர்கள் எவரேனும் என்னிடம் ஒரு பொருளைப் பற்றி, “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால், விடை கூறுமுன் அதனை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.