பூனைக்கு எத்தனை கோடு?

மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசுப் பாறையில் தவம் செய்யும் பூனையைப் பாருங்கள். தலைக்கு மேல் தூக்கிய முன்னங்கால்கள், நிமிர்ந்த உடம்பு, சுற்றிலும் எலிகள். அவ்வளவிலேயே போலிச் சாமியார் தெரிந்துவிடுகிறார். மையில் உருவம் வரையப் பழக இதைவிட நல்ல மாதிரி கிடையாது. பாறை கிழக்கு பார்த்தது, காலையிலேயே போங்கள். முதலில் பென்சிலில் லேசான உருவம். பிறகு பேனாவில், கழுத்திலிருந்து கால்வரை முதுகுக் கோடு ஒரே இழுப்பு; மணிக்கட்டு அல்ல, தோளிலிருந்து கை நகரவேண்டும். கீறிக் கீறி ஒட்டிய கோடு தயக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். ரோமம் போட ஆசை வரும், அடக்குங்கள். கடற்கரை ஈரத்தில் மை மெதுவாகத்தான் காயும். அவசரப்பட்டுப் பென்சிலை அழித்தால் இழுகிவிடும். தாள் பறக்காமலிருக்க இரண்டு கிளிப் எடுத்துப் போங்கள்.