நடையும் அவதானமும்

முதியோர் தவறி விழுந்தால் காலையே குறைகூறுவது நமது வழக்கம். முழங்கால் தளர்ந்தது, பார்வை மங்கியது, தரை வழுக்கிற்று என்போம். இவை பொய்யல்ல. ஆயினும் நடை காலின் தொழில் மாத்திரமன்று. சிந்தையின் தொழிலுமாம் என்பதை நாம் எளிதில் எண்ணுவதில்லை.

1997ஆம் ஆண்டிலே, சுவீடன் தேசத்தவரான லுண்டின் ஓல்சன் என்னும் அம்மையாரும் அவர்தம் துணைவரும் ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டனர். பராமரிப்பு விடுதியில் வாழ்ந்த முதியோர் 58 பேர் நடந்து செல்கையில், உடன் சென்றவர் பேச்சுக் கொடுத்தார். 12 பேர் மறுமொழி சொல்லும்பொருட்டு நின்றுவிட்டனர். அடுத்த ஆறு மாதத்துள் அப்பன்னிருவரில் 10 பேர் விழுந்தனர். நில்லாது நடந்த 46 பேரில் விழுந்தோர் 11 பேர். கருவியில்லை, செலவில்லை, பேச்சுக் கொடுத்ததே பரிசோதனை! எனினும் நில்லாதவர் யாவரும் தப்புவர் எனக் கொள்ளலாகாது என்பதையும் இக்கணக்கே காட்டுகின்றது.

இதற்குக் காரணம் யாது? இளமையில் நடை பெரும்பாலும் பழக்கத்தால் தானே நிகழ்வது. முண்ணாணும் சிறுமூளையும் அடிகளைப் பார்த்துக்கொள்ள, மனம் வேறெங்கேனும் உலாவலாம். முதுமையில் தசையின் வலியும் கண்ணொளியும் உள்ளங்காலின் உணர்ச்சியும் குன்ற, அக்குறையை நிரப்ப நெற்றிப்புறத்து மூளை துணைக்கு வருகின்றது. திட்டமிடல், அவதானத்தைப் பங்கிடல், வேண்டாதவற்றை ஒதுக்கல் ஆகியன அதன் தொழில்கள். அதுவுந் தளர்ந்தவிடத்து, பேச்சுக்கும் அடிவைப்புக்கும் ஒருங்கே கொடுக்க அவதானம் போதாது. நடை மந்தமாகும், அடிக்கு அடி கால அளவு பிறழும். மறதிநோய் உற்றோர் மற்றையோரினும் மிகுதியாக விழுவதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை அவர்கள் சதாவதானி எனப் பெயர் பெற்றமை நாமறிவோம். நம் வீட்டுப் பாட்டனாருக்கோ, பேச்சும் நடையும் என்னும் இரண்டவதானமே அரும்பாடாயிருக்கலாம். அவர் படியிறங்கும்போது பின்னின்று கூவி அழைத்துச் செய்தி கேட்கும் நம் பிள்ளைகள் இதனை அறியார். அவர் நின்று பேசினால், ‘நடந்துகொண்டே சொல்லுங்கள்’ என்று அவசரப்படுத்துவோரும் உளர். அந்நிலையில் நிற்றலே அவர் தம்மைக் காத்துக்கொள்ளும் வழி.

வைத்தியர் இதனை இன்று அளந்தும் பார்க்கின்றனர். கதிரையினின்று எழுந்து மூன்று மீற்றர் நடந்து, திரும்பிவந்து அமருமாறு முதலில் வாளா செய்விப்பர். பின்னர், ஓர் எண்ணிலிருந்து மும்மூன்றாகக் கழித்துச் சொல்லிக்கொண்டே அவ்வாறு செய்யச் சொல்லி, இரு முறையும் சென்ற நேரத்தை ஒப்பிடுவர். சிலர் கணக்கைப் பிழைக்கவிட்டு அடியைக் காத்துக்கொள்வர். வேறு சிலரோ கணக்கிலே கண்ணாயிருந்து கால் தடுமாறுவர். வைத்தியர் பெரிதும் அஞ்சுவது இவர்களைப் பற்றியே.