பாராமகால் நாடும் பகைவர் படையறிவும்

பகைவரது சேனையின் அளவையும் அமைப்பையும் ஆராய்ந்து எழுதிவைத்துக்கொள்வது மேனாட்டார் கண்ட புதுமை என்று எண்ணுவார் சிலர் உளர். திருவள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்தனர். ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாவண்ணம் ஆளவேண்டும் என்பதும், மூவர் கூறும் செய்தி ஒத்திருப்பின் அதனை நம்பலாம் என்பதும் ஆங்கே காணப்படும் விதிகள். இவ்விதிகள் ஏட்டிலன்றி நிலத்தில் எவ்வாறு நடந்தன என்று அறிய விரும்புவோர் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. நம் சேலம், நாமக்கல் சமவெளியே அதற்குத் தக்க சான்றாகும்.

இந்நிலத்தின் வடமேற்கில் மைசூர் மேட்டுநிலம். இடையே மலைக் கணவாய்கள். சமவெளியிலோ நாமக்கல், சங்ககிரி முதலிய குன்றுக்கோட்டைகள். மேலிருந்து இறங்குவோன் எந்தக் கணவாயில் இறங்குவான் என்று அறியாதவனுக்குக் கோட்டைகளால் பயன் சிறிது. 1768-ஆம் ஆண்டில் கும்பினிச் சேனாபதி கர்னல் வுட் என்பார் நாமக்கல் முதலிய கோட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து, ஒவ்வொன்றிலும் சிறு காவற்படை நிறுத்தினார். அவ்வாண்டு முடிவதற்குள் ஹைதர் அலியின் சேனை இறங்கிவந்து நாமக்கல்லை மீட்டுக்கொண்டது. பகைவன் எங்குளன், எத்துணைப் பேரோடு உளன் என்பதை அறியாமல் படையைச் சிதறவைத்ததன் பலன் இதுவென்பது நம் கருத்து.

இருபதாண்டு கழித்துக் கும்பினியார் வேறு வழியை நாடினர். எல்லையிலுள்ள ஆம்பூரில் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்பவர் ஒற்றர் துறையை நடத்தினார். பின்னாளில் சென்னைக் கவர்னராக விளங்கிய தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளராக இருந்தார். அர்க்காரர் எனப்பட்ட செய்திகொணர்வோர் மைசூர் நாட்டுட் சென்று மீண்டனர். இத்தகைய வேலையில் குதிரையின் தொகையைக் காட்டிலும் எருதின் தொகையே மிக்க பொருளுடையது. பீரங்கியை இழுப்பதும் எருது. தானியத்தைச் சுமப்பதும் எருது. எருதுகள் ஓரிடத்தில் திரள்கின்றன என்றால் சேனை புறப்படப் போகின்றது என்பதே பொருள்.

மறுபக்கத்திலும் படைநூல் இல்லாமலில்லை. திப்பு சுல்தானின் ஆணையால் ஜைனுல் ஆபிதீன் ஷுஸ்தரி என்பவர் பத்ஹுல் முஜாஹிதீன் என்னும் நூலைப் பாரசீக மொழியில் இயற்றினார். குஷூன் என்னும் படைப்பிரிவுகளின் ஒழுங்கும், வீரர்க்கிடும் கட்டளைச் சொற்களும், ஆங்கிலேயரை அஞ்சவைத்த வாணப்படையின் முறையும் அதில் விதிக்கப்பட்டன. 1811-ஆம் ஆண்டில் கர்க்பாட்ரிக் என்பவர் திப்புவின் கடிதங்களை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது இந்நூற்பகுதிகளையும் உடன் சேர்த்தார். அதற்குள் அந்தச் சேனையே இல்லாதொழிந்தது!

ஆனால் ஒற்றறிவு ஒன்றே வெற்றி தந்துவிடாது. 1790 நவம்பரில் மெடோஸ், மாக்ஸ்வெல் இருவருடைய சேனைகளும் பாராமகாலில் ஒன்றுகூடிய பின்னரும், திப்பு தொப்பூர்க் கணவாயைக் கடந்து தெற்கே திருச்சிராப்பள்ளியை நோக்கிச் சென்றுவிட்டார். தடுக்க முடிந்திலது.

1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கும்பினியாருக்கு உரியனவாயின. கோயம்புத்தூர் திப்புவிடமே நின்றமையால், நாமக்கல்லின் மேற்கே ஓடும் காவிரி ஏழாண்டுக் காலம் இரண்டு அரசுகளின் எல்லையாயிற்று. புதிய நாட்டை ஆளக் காரன்வாலிஸ் பிரபு தேர்ந்தெடுத்தவர் யார்? ஒற்றர்துறை ரீடே. சென்னையின் சிவில் உத்தியோகஸ்தர் நாட்டுமொழி அறியாதவர் என்பது பிரபுவின் குறை. ரீடுக்குத் துணைநின்ற மன்றோ, கிரஹாம், மக்லியாட் ஆகிய மூவரும் படைஞரே. தென்பகுதியாகிய சேலம், நாமக்கல் நிலம் மக்லியாடிடம் விடப்பட்டது.

நாம் ஊன்றிக் கருதவேண்டிய இடம் இதுவே. பகைவர் நாட்டை அறியப் பயின்ற கண்ணே இப்போது குடிகளின் நாட்டைப் பார்க்கலாயிற்று. முன்பு எருதை எண்ணியவர் இப்போது ஏரை எண்ணினர். கணவாயை அளந்தவர் கழனியை அளந்தனர். வயல்தோறும் அளந்து, குடியானவனோடு நேரே வரி பேசும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. விரும்பிய நிலத்தைக் கொள்ளவும் விடவும் குடிகளுக்கு உரிமை உண்டென்று 1796 டிசம்பரில் ரீட் விளம்பரஞ் செய்தார். இடைத்தரகரை நீக்கியமையும் இவ்வுரிமையும் மெச்சத்தக்கனவே. ஆயினும் தீர்வை மிகுதியாக விழுந்தது. ஒற்றன் பகைவன் வலிமையைச் சற்றுக் கூட்டிச் சொன்னால் தீங்கில்லை. சேனாபதி விழிப்பாக இருப்பான். நிலத்தின் விளைவைக் கூட்டி மதித்தாலோ மழை பொய்த்த ஆண்டில் உழவனுடைய எருதே விலைப்படும். இந்த வேற்றுமையைப் போர்த்தொழிலில் பயின்றவர் உணரச் சற்றுக் காலம் சென்றது. அவர்கள் விதித்த தீர்வையைப் பின்வந்தோர் மீண்டும் மீண்டும் குறைக்க நேர்ந்தது.

1799-ஆம் ஆண்டில் மறுபடியும் யுத்தம் மூண்டது. அப்போது ரீட் பாராமகாலில் தானியமும் மாடும் திரட்டிச் சேனைக்கு அனுப்பினார். மன்றோவும் அவருடன் சென்றார். வரிக்கென அளந்த நாடு அன்று படையின் களஞ்சியமாயிற்று. மே மாதத்தில் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கோயம்புத்தூரும் கும்பினியார் வசமாக, காவிரி எல்லையாக இருந்த நிலை மாறிற்று.

ரீடும் அவர்தம் துணைவரும் தொகுத்த குறிப்புகள் பாராமகால் ஆவணங்கள் என்னும் பெயரால் இருபதாம் நூற்றாண்டில் சென்னை அரசாங்க அச்சகத்தில் பகுதி பகுதியாக அச்சேறின. குடிகள், விளைபொருள், உடைமை, நிலவரி எனத் தலைப்புகள் வகுத்திருக்கின்றனர். நம் மாவட்டத்தின் சாதி, தொழில், பயிர் வரலாற்றை எழுதப் புகும் மாணவர் முதலில் புரட்டவேண்டிய ஏடுகள் அவை. எழுதியவர் ஒற்றர் துறையிலிருந்து வந்தவர் என்பதை மட்டும் மனத்திற்கொண்டு புரட்டுக.