வீட்டு வளையில் ஊஞ்சல் கட்டுதல்

சித்திரை வருடப்பிறப்பு நெருங்கும்போது வடமராட்சியின் வளவுகளில் பிள்ளைகள் கயிறு தேடத் தொடங்குவார்கள். மாவிலும் புளியிலும் வேம்பிலும் ஊஞ்சல் ஏறும். வளவில் மரம் இல்லாத பிள்ளையின் கண் வீட்டின் வளைக்குப் போகும். "இதிலை ஒரு ஊஞ்சல் கட்டித் தாங்கோவன்" என்று கேட்கும் பிள்ளைக்கு மறுப்புச் சொல்ல மனம் வராது. கட்டிக் கொடுக்கலாம். ஆனால், அந்த வளை எதைத் தாங்குவதற்காக வைக்கப்பட்டது, இன்று அது எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பின்னரே கட்ட வேண்டும். இதுவே இப்பாடத்தின் கருத்தாகும்.

1. நமக்கு இது ஏன் முக்கியம்?

பரம்பரையாக ஒரே வீட்டில் வாழ்பவருக்கு அந்த வீட்டின் மரம் தெரியும். எந்தப் பனையைத் தறித்து வளை அரிந்தார்கள், எந்த மாரியில் எங்கே ஒழுகியது என்பதைப் பெரியவர்கள் சொல்வார்கள். இடம்பெயர்ந்தவருக்கு இந்த அறிவு இல்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களும், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும் தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் தங்கினார்கள். நெல்லியடி, கரவெட்டிப் பகுதிகளில் ஒரு வீட்டுக்குள் பல குடும்பங்கள் இருந்தன. பின்னர் சிலர் கொட்டில் போட்டார்கள். சிலர் வாடகை வீடு எடுத்தார்கள். சிலர் 2009இன் பின் படிப்படியாக விடப்பட்ட தங்கள் காணிகளுக்குத் திரும்பினார்கள். இன்னும் திரும்பாதவர்களும் உள்ளனர். இவர்களிற் பலர் தாம் கட்டாத வீட்டில், அல்லது நெடுங்காலம் தாம் பார்க்காத வீட்டில் வாழ்கிறார்கள். ஆகவே பார்த்தும் தட்டியும் கேட்டும்தான் வளையை அறிய வேண்டும்.

2. ஊஞ்சல் வளையை எப்படி இழுக்கிறது?

"பிள்ளைக்கு 20 கிலோதானே, வளை ஓட்டையே தாங்குகிறதே" என்று பலர் நினைப்பர். ஓடு அசையாமல் இருக்கும் பாரம். ஊஞ்சலோ அசையும் பாரம். நம் கிணற்றுத் துலாவை எண்ணிப் பாருங்கள். துலா ஏறி மிதிப்பவரின் பாரம் சிறிதுதான். ஆனாலும் ஆடுகாலை மெல்லிய மரத்தில் எவரும் நாட்டுவதில்லை. அசைவு மரத்தை ஆட்டி இளக்கும் என்பது நம் முன்னோருக்குத் தெரியும்.

20 கிலோப் பிள்ளை ஊஞ்சலில் சும்மா இருந்தால் வளையில் 20 கிலோ இழுக்கும். கயிறு நேராகத் தொங்கும் நிலையிலிருந்து 60 பாகை சரியும் அளவுக்கு உயர ஆடினால், பிள்ளை கீழே வரும் வேளையில் வளையில் விழும் இழுவை 40 கிலோவாகும். வளையின் மட்டம் வரை உந்தி ஆடினால் அது 60 கிலோவாகும். 60 கிலோப் பெரியவர் ஒருவர் அவ்வாறு ஆடினால் 180 கிலோ!

இன்னொன்றும் உண்டு. ஊஞ்சல் வளையைக் கீழே மட்டும் இழுப்பதில்லை. முன்னும் பின்னும் தள்ளுகிறது. 60 பாகை ஆடும் 20 கிலோப் பிள்ளை ஏறத்தாழ 17 கிலோ விசையுடன் வளையைப் பக்கவாட்டில் இழுக்கும். ஆறடிக் கயிற்றில் இந்த இழுவை 10 நிமிடத்தில் 200 தடவைக்கு மேல் போய் வரும். கூரை வளைகள் மேலிருந்து அழுத்தும் பாரத்துக்காக வைக்கப்பட்டவை. பக்கத்து இழுவையில் வளை புரளலாம், சுவரில் அது இருக்கும் குழி அகலலாம், ஆணி கழரலாம்.

3. எந்த வீட்டில் என்ன செய்யலாம்?

அ. கொட்டில். கிடுகோ தகரமோ வேய்ந்த கொட்டிலில் ஊஞ்சல் கட்டவே கூடாது. கப்புகள் மண்ணில் ஆழமில்லாமல் நிற்கின்றன. பக்கத்து இழுவையில் முழுக் கொட்டிலும் சரியும்.

ஆ. பிறர் வீடு, வாடகை வீடு. வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அனுமதிக்காக மட்டுமல்ல, வளை எப்போது மாற்றப்பட்டது, எங்கே கறையான் ஏறியது, எந்தப் பக்கம் ஷெல் விழுந்தது என்பதை அவரே அறிவார்.

இ. திரும்பிச் சென்ற சொந்த வீடு. ஓடில்லாமல் பல மாரிகளில் நனைந்த மரம் வெளியே உறுதியாகத் தோன்றினாலும் சுவருக்குள் இருக்கும் முனை உக்கியிருக்கலாம். சன்னம் பாய்ந்த துவாரமும் சிதறல் கீறிய வெடிப்பும் உள்ள வளையில் எதையும் தொங்கவிட வேண்டாம்.

ஈ. உதவித் திட்டத்தில் கட்டிய வீடு. இந்திய உதவித் திட்டத்தின் கீழும் பிற திட்டங்களின் கீழும் எழுந்த வீடுகளில் மரம் அளவாகவே வாங்கப்பட்டது. கையில் இருந்த பணத்துக்குக் கூரையை முடிப்பதே பெரும்பாடாயிருந்தது. அந்தக் கைமரமும் சலாகையும் கூரைக்கே போதுமானவை. ஊஞ்சலுக்கு மிச்சம் இல்லை.

எந்த வீடாயினும் சலாகையிலும் கைமரத்திலும் ஊஞ்சல் கட்டக் கூடாது. அஸ்பெஸ்ரஸ், தகரக் கூரைகளைத் தாங்கும் மெல்லிய மரத்திலும் கூடாது. கதவு நிலையிலும் கூடாது. கைமரங்கள் விலகாதபடி குறுக்கே பிடிக்கும் மரத்தின் நடுவிலும் கூடாது. இரு முனையும் சுவரில் நன்கு பதிந்த, தடித்த வளை அல்லது தீராந்தி மட்டுமே சோதிக்கத் தக்கது. கொங்கிறீற் வளையாயின், அதில் மண்ணிற ஊறல், நீள வெடிப்பு, சீமெந்து பெயர்ந்து கம்பி தெரிதல் ஆகியன உண்டா என்று பாருங்கள். கடற்காற்றுப் படும் இடங்களில் உள்ளே கம்பி துருப்பிடிப்பதன் அடையாளங்கள் இவை. ஒன்று இருந்தாலும் கைவிடுங்கள்.

4. வளையைச் சோதித்தல்

பகல் வெளிச்சத்தில் ஏணி வைத்து ஏறுங்கள். கீழே ஒருவர் ஏணியைப் பிடிக்கட்டும்.

(1) தட்டிப் பார்த்தல்: சுத்தியலின் பின்புறத்தால் முனை தொடங்கி முனை வரை தட்டுங்கள். நல்ல மரம் கணீரென ஒலிக்கும். பொள்ளல் மரத்தின் ஒலி அடைத்திருக்கும்.

(2) குத்திப் பார்த்தல்: கூரான ஆணியைக் கையால் அழுத்துங்கள். எளிதில் இறங்கினால் மரம் உக்கியது. பனைமரத்தில் இது மிகவும் அவசியம். பனையின் வைரம் வெளிப்புறத்திலேயே உண்டு, உட்புறம் மென்மையானது. கறையான் உள்ளே தின்றுவிட்டுக் கறுத்த வைரத்தை மட்டும் விட்டுவைக்கும். ஆகவே வளையின் உட்புறப் பக்கத்தையும் குத்திப் பாருங்கள்.

(3) முனைகளைப் பார்த்தல்: வளை அரைச் சாணுக்குக் குறையாமல் சுவரில் இருக்க வேண்டும். முனையைச் சுற்றி மண்புற்று, ஈரம், சுவர் வெடிப்பு இருக்கக் கூடாது.

(4) இழை கட்டிப் பார்த்தல்: வளையின் அடியில் முனைக்கு முனை நூலை இறுக்கிப் பிடியுங்கள். வளை ஏற்கெனவே நூலுக்குக் கீழே தொய்ந்திருந்தால் அது தன் பாரத்துக்கே களைத்துவிட்டது.

(5) வைத்த விதம்: 2 அங்குலமும் 4 அங்குலமும் கொண்ட மரத்தைத் தட்டையாக வைப்பதிலும் பார்க்க நிமிர்த்தி வைத்தால் இரு மடங்கு பாரம் தாங்கும். அதே மரம் இரு மடங்கு நீளமானால் பாதிப் பாரமே தாங்கும்.

ஐயம் இருந்தால் அனுபவமுள்ள தச்சரை அழைத்துக் காட்டுங்கள்.

5. கட்டும் முறை

இரு கயிறுகளையும் வளையின் நடுவில் நெருக்கிக் கட்ட வேண்டாம். வளையை மூன்று சம பங்காக எண்ணி, பங்குகள் சந்திக்கும் இரு இடங்களில் கட்டுங்கள். அப்போது வளை வளையும் விசை மூன்றில் ஒரு பங்கு குறையும்.

கீழிருந்து திருகும் கொளுக்கி நாளடைவில் கழன்றுவிடும். வளையில் பெரிய துவாரம் இடுவதும் அதைப் பலவீனப்படுத்தும். பனையோ நாரோட்டத்தில் பிளக்கும். வளையைச் சுற்றி வரும் இரும்புப் பட்டியும் அதில் வளையமும் கொல்லரிடம் செய்விக்கலாம். வளையத்தில் சங்கிலியை மாட்டலாம். கயிறுதான் கிடைக்குமாயின், வளையின் விளிம்பு கயிற்றை அறுக்காதபடி பழைய ரயர் றப்பரை மடித்து இடையில் வையுங்கள்.

தும்புக் கயிறு ஈரத்தில் உக்கும். நைலோன் கயிறு வலுவானது. ஆனால் முடிச்சு வழுக்கும், நெடுநாள் வெயிலில் நொய்யும். எந்தக் கயிறும் முடிச்சிட்ட இடத்தில் தன் வலுவில் பெரும்பங்கை இழக்கும். கிணற்றிலும் ஆட்டிலும் மாட்டிலும் பாவித்துக் கழித்த கயிற்றை ஊஞ்சலுக்கு எடுக்க வேண்டாம். இருக்கைப் பலகை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரம் போதும்.

விறாந்தையில் சுவர் அருகிலே இருக்கும். கயிறு ஆறடியாயின் முன்னும் பின்னும் ஆறடிக்கு மேல் வெளி வேண்டும். அது இல்லாவிட்டால் வீட்டு ஊஞ்சல் மெல்ல அசைவதற்கே. உந்தி ஆடுவதற்கு அல்ல. அம்மியும் உரலும் படிக்கட்டும் அருகில் இருக்கக் கூடாது.

6. பாரம் வைத்துப் பார்த்தல்

பிள்ளைக்கென்று கட்டினாலும் பெரியவரும் ஒருநாள் அதில் இருப்பார். எனவே வீட்டில் மிகப் பாரமானவரின் மூன்று மடங்கை ஊஞ்சல் தாங்க வேண்டும். அவர் 60 கிலோவாயின் 180 கிலோ. உரப்பைகளில் 45 கிலோ வீதம் மணல் நிரப்பினால் நான்கு பை. இருக்கையை நிலத்திலிருந்து அரை அடிக்குத் தாழ்த்தி, ஒவ்வொரு பையாக ஏற்றுங்கள். ஒவ்வொரு பைக்கும் பின் இழையைப் பாருங்கள். காது கொடுத்துக் கேளுங்கள். நெரியும் ஒலி கேட்டால் உடனே விலகுங்கள். பைகள் ஓர் இரவு தொங்கட்டும். அதன் கீழும் அருகிலும் எவரும் படுக்கக் கூடாது. காலையில் பைகளை இறக்கியதும் வளை பழைய மட்டத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அங்கே ஊஞ்சல் இல்லை.

இச்சோதனை ஒருமுறை செய்து விடுவதல்ல. ஒவ்வொரு மாரி முடிந்ததும் மீண்டும் பாருங்கள். கயிற்றையும் முடிச்சையும் கிழமைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

7. வளை சரியில்லாவிட்டால்

பிள்ளைக்கு ஊஞ்சல் இல்லை என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. புளி, வேம்பு ஆகியவற்றின் பச்சையான, தடித்த கொப்பு பல வளைகளிலும் மேலானது. காய்ந்த கொப்பையும், எளிதில் முறியும் முருங்கையையும் தவிர்க்க வேண்டும்.

மரம் இல்லாவிட்டால் முற்றத்தில் தனிச் சட்டம் நாட்டலாம். இரு பக்கமும் இரண்டிரண்டு கால்களை மேலே சேர்த்து, கீழே அகல விரித்து நாட்டி, மேலே குறுக்குமரம் வையுங்கள். ஊஞ்சல் ஆடும் திசையிலேயே கால்கள் விரிய வேண்டும். இல்லாவிட்டால் சட்டம் கவிழும். எட்டடி உயரத்துக்குக் கால்களின் அடி அகலம் ஐந்தடிக்குக் குறையக் கூடாது. இரண்டரை அடி ஆழம் புதையுங்கள். மண்ணில் புதையும் பகுதிக்குக் கறையான் தடுப்பு மருந்து பூசுங்கள். கீழே முக்கால் அடிக்கு மணல் பரப்பினால் விழும் பிள்ளைக்கு அடி குறையும்.

அண்மையில் விடப்பட்ட காணியாயின் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத நிலத்தில் குழி தோண்டவும் வேண்டாம். பிள்ளைகளை மரம் தேடி விடவும் வேண்டாம்.

8. ஏணை பற்றி ஒரு சொல்

தோட்ட வேலைக்குப் போகும் தாய்க்கு ஏணை பெரிய உதவி. அதன் பாரம் சிறிது. ஆனால் அதில் கிடப்பது தன்னைக் காக்க முடியாத உயிர். கொட்டிலில் வளையை நம்பாமல், மூன்று தடிகளை மேலே சேர்த்துக் கட்டி, அடியை அகல விரித்து, கால்கள் வழுக்காதபடி பதித்து, அதில் கட்டலாம். ஏணைக்கம்பு இட்டு, சேலை பிள்ளையின் முகத்தில் படாமல் விரித்து வையுங்கள். நிலத்திலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயர்த்த வேண்டாம். பிள்ளை புரளவும் எழுந்து இருக்கவும் தொடங்கினால் ஏணையை விட்டுப் பாயில் வளர்த்துங்கள்.

இன்னும் பெரிய ஆபத்து மூத்த பிள்ளைக்கே. வெறுமையாகத் தொங்கும் சேலையில் ஏறி முறுக்கிச் சுழன்று விளையாடும்போது துணி கழுத்தில் இறுகிவிடும். இப்படிப் பிள்ளைகள் இறந்த செய்திகள் இலங்கையிலும் தமிழகத்திலும் வந்துள்ளன. சத்தமே வராது, அடுத்த அறையில் இருப்பவருக்கும் தெரியாது. எனவே ஏணையாயினும் ஊஞ்சலாயினும், பெரியவர் அருகில் இல்லாத வேளையில் கழற்றி அல்லது எட்டாத உயரத்தில் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

9. கூட்டத்தில் கலந்துரையாட

(அ) நம் ஊரில் எத்தனை வீடுகளில் ஊஞ்சலும் ஏணையும் கட்டப்பட்டுள்ளன? அவை எதில் தொங்குகின்றன?

(ஆ) ஏணி, இழை, மணற்பைகளுடன் வீடு வீடாகச் சென்று வளை பார்க்க யார் யார் முன்வருவர்? தச்சுவேலை தெரிந்தவர் நம்மிடையே உள்ளாரா?

(இ) ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகக் கட்டுவதற்குப் பதில், பத்துக் குடும்பங்கள் சேர்ந்து பொது முற்றத்தில் ஒரு நல்ல சட்டம் நாட்டினால் எவ்வளவு செலவாகும்? அதைப் பார்த்துப் பராமரிப்பவர் யார்?

(ஈ) பெரியவர்கள் தோட்டத்தில் நிற்கும் நேரத்தில் பிள்ளைகளோடு யார் இருப்பது?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தம் வீட்டு வளையைத் தட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.