பாடம் 8: ஒரு ராத்திரி தானே?

மார்ச் மாதக் கடைசி. டொராண்டோவில் வெளியே இன்னும் குளிர். நிலா வீட்டுக்குள்ளே சின்னத் தொட்டிகளில் செண்டுமல்லி விதை போட்டாள். ஒரு வாரத்தில் ஆறு நாற்றுகள் முளைத்தன. அவற்றை வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். ஜூலையில் ஊரிலிருந்து பாட்டி வருகிறார். அவருக்குச் செண்டுமல்லி மாலை போட வேண்டும் என்பது நிலாவின் ஆசை.

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை. நல்ல வெயில். 15 டிகிரி.

நிலா: அப்பா, இன்னைக்கே தோட்டத்துல நட்டுடலாமா?

அப்பா: ராத்திரி எத்தனை டிகிரின்னு பாரு.

நிலா: மைனஸ் 2. ஒரு ராத்திரி தானே?

அப்பா: ஒரு ராத்திரி போதும். இலைக்குள்ள தண்ணி இருக்கு. அது உறைஞ்சா செடி செத்துடும்.

நிலா: நான் நம்ப மாட்டேன்!

அப்பா: சரி, ஒண்ணை மட்டும் வெளியே வை. காலையில பார்க்கலாம்.

எதை வைப்பது? நிலா வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் மிகச் சிறிய நாற்றை வெளியே வைத்தாள்.

காலையில் அது துவண்டு, கறுத்துக் கிடந்தது. நிலா ஒன்றும் பேசவில்லை. மீதி ஐந்தையும் எண்ணிப் பார்த்தாள்.

செண்டுமல்லி முதலில் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த செடி. அது உறைபனியைத் தாங்காது. அதனால் டொராண்டோவில் பலர் மே மாதம் விக்டோரியா தினம் வரை காத்திருந்து நடுவார்கள். நிலாவும் காத்திருந்தாள். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நாற்றுகளைப் பகலில் வெளியே வைத்தாள். மாலையில் உள்ளே எடுத்து வந்தாள். செடிகள் காற்றுக்கும் வெயிலுக்கும் பழகின.

ஜூனில் முதல் பூ பூத்தது. வாடிய பூக்களை நிலா கிள்ளிவிட்டாள். அப்படிச் செய்தால் செடி விதை உண்டாக்காமல் மேலும் பூ விடும்.

ஜூலையில் பாட்டி வந்தார். மாலை சின்னதுதான். பாட்டி அதைக் கழற்றவே இல்லை.

பாட்டி: ஊர்ல இது வருஷம் பூரா பூக்கும். இங்கே எப்படி?

நிலா: அக்டோபர்ல பனி வந்தா போயிடும் பாட்டி. அதுக்கு முன்னாடி காய்ஞ்ச பூவுல இருந்து விதை எடுத்து வைப்பேன்.

புதிய சொற்கள்
நாற்று – எடுத்து நடுவதற்கான இளஞ்செடி
உறைபனி – செடி மேல் படியும் பனிக்கட்டி
துவண்டு – வாடித் தொங்கி
கிள்ளு – விரல் நுனியால் பறி

எழுதுவோம்
1. ஒரு நாற்று ஏன் கறுத்தது?
2. நிலா ஏன் மிகச் சிறிய நாற்றைத் தேர்ந்தெடுத்தாள்? நீங்கள் எதை வைத்திருப்பீர்கள்?
3. எழுத்துத் தமிழில் மாற்றுக: இன்னைக்கு – இன்று, ராத்திரி – ____, தண்ணி – ____, ஒண்ணு – ____