அவரையும் மொச்சையும்

கொல்லையில் இரண்டு விதை ஊன்றி வேலியில் ஏற்றிவிட்டால் தானே காய்க்கும் அவரையைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமா என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில் அவரையால் நேர்ந்த நஷ்டத்தைக் கண்ட பின்னரே இதனை எழுதத் துணிந்தேன்.

அச்சங்கத்தின் இருப்புப் புத்தகத்தில் “அவரை விதை” என்று மட்டும் ஒரு பதிவு இருந்தது. என்ன ரகம், எந்தப் பட்டத்திற்கு உரியது என்ற விவரம் ஏதுமில்லை. அவ்விதையை உறுப்பினர் சிலர் பயிர்க்கடனில் பெற்று மாசி மாதத்தில் விதைத்தனர். கொடி செழித்துப் படர்ந்தது. பூ மட்டும் வரவில்லை. உரம் போதவில்லை என்று கருதி யூரியா இட்டனர், இலைதான் பெருத்தது. கடன் தவணை ஆனியில் வந்துவிட்டது. முதற்பூவோ ஐப்பசிக்குப் பிறகுதான் கண்டது. விதையிலும் பழுதில்லை, நிலத்திலும் பழுதில்லை. பந்தல் அவரையை அதற்கு ஆகாத பட்டத்தில் விதைத்ததே பிழை.

நாட்டுப் பந்தல் அவரை பகற்பொழுது குறைந்து இரவு நீளும் காலத்தில்தான் பூக்கும் இயல்புடையது. கோயமுத்தூர்ப் பகுதியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரமே. நாம் கவனியாத அச்சிறு வித்தியாசத்தைக் கொடி அறிகிறது. ஆடியில் விதைத்தால் மழைக்காலத்தில் வளர்ந்து மார்கழி, தையில் காய்ப்பதும், மாசியில் விதைத்தால் பல மாதம் வெறும் இலையாய் நிற்பதும் இதனாலேயே. நம் முன்னோர் ஆடிப்பட்டத்தை விடாது பிடித்துக்கொண்டதற்கு இங்கே நல்ல நியாயம் இருக்கிறது.

செடி அவரைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 12, கோ 13 ஆகியவையும், பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் ஆகியவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. நீர் வசதி உண்டானால் எப்பட்டத்திலும் பூக்கும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முதற்பறிப்பு, நான்கு மாதத்தில் பயிர் முடிவு. குறுகிய தவணைக் கடனுக்கு ஏற்றது இதுவே. வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஓரடி விட்டு ஏக்கருக்கு 10 கிலோ விதை போதும். பந்தல் வகைக்கோ 2 கிலோவே மிகுதி. குழிகள் ஆறடிக்குப் பத்தடி தள்ளியிருக்க வேண்டும்.

மூன்றாவது, மொச்சை. இது அவரைக்கு உடன்பிறந்த பயிரே. ஆனால் தோலுக்காக அன்றி உள்ளிருக்கும் பருப்புக்காகப் பயிராவது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் கேழ்வரகு, சோளத்தினூடே மானாவாரியாக விதைக்கின்றனர். மார்கழிப் பனியில் அக்காயின்மேல் ஒருவித எண்ணெய்ப் பசையும் மணமும் ஏறும். அம்மணத்தை முகர்ந்தே விலை பேசுவோர் உண்டு. ஆங்கிலப் புத்தகங்களில் காணும் “பிராட் பீன்ஸ்” இவற்றில் எதுவுமன்று. அது குளிர்நாட்டுப் பயிர். வட இந்தியாவில் பாக்லா என்ற பெயரில் குளிர்காலத்தில் விளைவது. நம் கடைப் பலகைகளில் அவரைக்கு அப்பெயரை எழுதி வைப்பதால் விதை வாங்குவோர் ஏமாறக்கூடாது.

மேற்சொன்ன சங்கம் இப்போது விதைத் தேவைப் பட்டியலில் பந்தல், செடி, மொச்சை என மூன்று கலங்கள் போட்டு, விதைக்கும் மாதத்தையும் எழுதி வாங்குகிறது. பிற சங்கக் காரியதரிசிகளும் இவ்வாறு செய்யலாம்.

நெசவாளர் குடும்பங்களுக்கு நான் சொல்வது பந்தல் அவரையையே. தெருவில் பாவு நீட்ட இயலாத மழை நாட்களில் கொடி தானே வளர்ந்து, கையில் காசு குறையும் தருணத்தில் காய்க்கு வழி செய்யும். வீட்டுக்கு இரண்டு கொடி போதும். அசுவினிதான் இதற்குப் பெரும் பகை. பூங்கொத்தில் எறும்பு ஏறக் கண்டால் அசுவினியும் இருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். தாக்குண்ட நுனியைக் கிள்ளி அழித்துவிட்டு, லிட்டர் நீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். சில நாட்களுக்கொருமுறை பறித்து உண்ணும் காயில் கொடிய நஞ்சைத் தெளிப்பதை நான் ஒப்புவதில்லை.

இனிச் சமையல். இளங்காயை இருபுறமும் நாரெடுத்துப் பொரியலாகவும், பாசிப்பருப்புடன் கூட்டாகவும் ஆக்கலாம். முற்றியதைச் சாம்பாரில் போடுவது மேல். மிகுந்த காயை உப்பு நீரில் அரை வேக்காடாக்கி, மோரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்தால் கோடைக்கு வற்றலாகும். பச்சை மொச்சை பொங்கலன்று பூசணி, சர்க்கரைவள்ளியுடன் குழம்பில் சேர்வது யாவரும் அறிந்ததே. மொச்சையை ஊறவைத்து, விரலால் பிதுக்கித் தோல் நீக்கிய பிதுக்குப் பருப்பில் வைக்கும் குழம்புக்கு நிகர் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். வேலை மெத்த என்று வீட்டில் சலிப்பார்கள், குழந்தைகளை உட்கார வைத்தால் விளையாட்டாய் முடிந்துவிடும்.

உலர்ந்த மொச்சையில் மட்டும் எச்சரிக்கை தேவை. அதில், சிறப்பாகக் கறுத்த விதையில், சயனைடு பிறக்கக்கூடிய பொருள் சிறிதளவு உண்டு. இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புதுநீரில் திறந்த பாத்திரத்தில் நன்கு கொதிக்கவிட்டு, அந்நீரையும் வடித்துவிட்டே புளிக் குழம்பிலோ கருவாட்டுக் குழம்பிலோ சேர்க்க வேண்டும். வெந்த நீரில் சத்துப் போய்விடுமே என்று அதனை ரசத்துக்கு எடுத்து வைக்கும் சிக்கனம் இங்கே வேண்டாம்.